கூட்டத்தோடு இல்லாதவன் பேசக்கூடாது

இதை எழுத உட்காரும் முன் இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்திருக்கிறேன். முதலில் சோப்பு. பிறகு வேலை செய்யும் இடத்தில் கொடுக்கும் ஸ்பிரிட். இன்னும் அந்த நாற்றம் போகவில்லை. படித்து முடித்துவிட்டு "நல்லா அளக்கிறான்" என்று நீங்கள் தூங்கப் போகலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நடந்தபோது நான் அங்கே இருந்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மூவரும் பார்த்தோம், மூவரும் மோந்தோம். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கும் மூளை குழம்பிவிட்டது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைப் பாட்டிலில் நிரப்பும் தொழிற்சாலையில் வேலை. உள்ளே போகும் முன் முழங்கை வரை கழுவ வேண்டும். தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறை. வருடக்கணக்காக இப்படியே இருந்து வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன். கதவைப் புறங்கையால் தள்ளித் திறப்பேன். அடுத்தவர் கடித்த பேனாவைத் தொடமாட்டேன். "உங்களுக்குப் பொண்ணு பார்த்ததுக்குப் பதிலா ஒரு வாஷ்பேசின் பார்த்திருக்கலாம்" என்று என் மனைவி சொல்வாள். நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் சோப்பு.

அப்படிப்பட்ட நான் வாரம் தவறாமல் போய் உட்கார்ந்த இடம், ஒரு தையல் கடையின் மாடி. நூல் தூசி, துணிப் பிசிறு, மெஷின் எண்ணெய் வாடை. எதற்குப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். விளையாடப் போனேன்.

சீட்டு இல்லை, கேரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லவே இல்லை. பகடை உருட்டி, வாயால் பேசி விளையாடும் பழைய காலத்து விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்குவோம். பாழடைந்த கோட்டை, அதற்கு அடியில் நிலவறை, நிலவறைக்குள் புதையல், புதையலுக்குக் காவலாக என்னவோ ஒன்று. இப்போது வருகிற விளையாட்டுகளில் படம் இருக்கிறது, பொம்மை இருக்கிறது, செத்தால் மறுபடி எழுந்திருக்க வழி இருக்கிறது. எங்களுடையதில் ஒன்றும் கிடையாது. கதை நடத்தும் டெய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்: "கதவு ஒண்ணு இருக்கு. ஈரமா இருக்கு. என்ன செய்றீங்க?" அவ்வளவுதான். கதவில் என்ன ஈரம் என்று நாமாகக் கேட்டால்தான் பதில் வரும். கேட்காமல் தொட்டால் கை போய்விடும். பகடையில் என்ன விழுந்ததோ அதுதான். கெஞ்சினாலும் மாறாது. செத்தவன் செத்தவன்தான்.

அதில்தான் ருசியே இருந்தது. பகல் முழுக்க நாங்கள் எல்லோரும் யாரோ சொன்னதைச் செய்கிறவர்கள். இந்த அளவில் தை, இந்தக் கலரில் அடி, இந்த பாட்டிலை நிரப்பு. அந்த மேசையில் மட்டும்தான் ஒரு மனிதர் எங்கள் முகத்தைப் பார்த்து "என்ன செய்றீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் தூசியைப் பொறுத்துக்கொண்டேன்.

துணி வெட்டும் பெரிய மர மேசைதான் எங்கள் நிலவறை. தையல் சாக்கட்டியால் டெய்லர் அதில் வழி வரைந்துகொண்டே போவார். சட்டைப் பொத்தான்கள் நாங்கள். நூல்கண்டு வந்தால் ஏதோ ஒரு பிராணி வருகிறது என்று அர்த்தம். விளையாட்டில் எவ்வளவு நெகிழ்வோ, விதியில் டெய்லர் அவ்வளவு கறார். ஆரம்பிக்கும் முன் எல்லோருடைய போனும் சத்தம் நிறுத்தப்பட்டு, பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவுக்குள் போய்விடும். மூடியை அழுத்தி மூடிவிடுவார். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தக்கூடாது. கூட்டத்துக்கு ஒரு வாய். அந்த ஒருவன் சொல்வதுதான் எல்லோருடைய முடிவும். பல மாதமாக அந்த வாய் நான்தான்.

எல்லாவற்றையும்விடக் கறாரான விதி ஒன்று இருந்தது. கூட்டத்தோடு இல்லாதவன் பேசக்கூடாது. விளையாட்டில் ஒருவனுடைய ஆள் வழி தவறிவிட்டாலோ குழியில் விழுந்துவிட்டாலோ, மற்றவர்கள் போய்ச் சேரும்வரை அவன் வாய் திறக்கக்கூடாது. மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தாலும் அவன் அங்கே இல்லை. காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும், டெய்லர் கேட்கும்போது மேசையை இரண்டு தட்டுத் தட்டலாம். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அடையாளம்.

நாங்கள் நான்கு பேர். டெய்லர், நான், என் மனைவியின் தம்பி, அப்புறம் பெயிண்டர்.

என் மச்சானுக்கு விளையாட்டிலும் பேராசைதான். ஒரு பெட்டியைக் கண்டுவிட்டால் போதும், திறக்காமல் நகரமாட்டான். பெயிண்டர் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவன். சுவரில் பூசும் பட்டியும் பெயிண்டும் காய்ந்த கையோடு அப்படியே வருவான். அந்தக் கையால் பகடையை உருட்டுவான். அவன் தொட்டதை நான் கைக்குட்டையால் எடுப்பேன். அவன் வேண்டுமென்றே என் பேனாவை எடுத்துக் காது குடைவான். அவனைப் போல என்னைச் சீண்டியவனும் இல்லை, அவனைப் போல எனக்கு ஒரு நண்பனும் இல்லை.

அவனுடைய ஆளின் பெயர் அரைக்காசு. ஒல்லியான ஒரு திருடன். முதல் நாளே செத்திருக்க வேண்டியவன். ஆறு வருடம் தாக்குப்பிடித்தான். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் செத்துப் புதிதாக வந்தார்கள். அரைக்காசு மட்டும் பழைய ஆள். அவனை எப்படிப் பிழைக்க வைத்தான் என்று பெயிண்டர் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். தன் பிள்ளையின் படிப்பைப் பற்றிக்கூட அவன் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

அந்த அரைக்காசு ஒரு நாள் குழியில் விழுந்தான்.

பொய்த்தரை. கீழே பழைய கோட்டையின் கழிவெல்லாம் சேரும் தொட்டி. டெய்லர் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, கழுத்தளவு, சகதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றார். அதோடு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் சுற்றுவழியில் கீழே போய்க் கயிறு போட வேண்டும். போய்ச் சேர்ந்தால் அரைக்காசு பிழைப்பான். தாமதித்தால் ஆறு வருடம் அந்தத் தொட்டியோடு போகும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கயிறு பிடிப்பவனும் கயிற்றில் ஏறி வருபவனும் மேசைக்கு மேலே கையைக் கோத்துக்கொண்டுதான் பகடை உருட்ட வேண்டும். நன்றாக விழும் என்று ஒரு நம்பிக்கை. நான் எப்போதும் அதிலிருந்து நழுவிவிடுவேன். பெயிண்டருக்கு அது தெரியும். கிளம்பும்போது மாடிப்படியில் நின்று சொன்னான்.

"அடுத்த வாரம் நீதான் கயிறு பிடிக்கிறே, சோப்பு. எவ்வளவு நாறினாலும் கையை விட்டுடாதே."

சரி என்று சொன்னேன்.

அடுத்த வாரம். மழை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளாக ஒரு தூறல்கூட இல்லை.

சரியாக ஏழு மணிக்கு டெய்லர் எங்கள் போன்களை டப்பாவில் போட்டு மூடினார். பெயிண்டர் இன்னும் வரவில்லை. அவன் எப்போதும் கடைசி ஆள்தான். டெய்லர் மேசையில் கோடு போட ஆரம்பித்தார். மச்சான் டீயை ஊற்றினான். நான் என் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது பெயிண்டர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து. அவன் ஏறி வந்த சத்தம் கேட்கவில்லை. அந்த மாடிப்படி மரப்படி. நான்காவது படியில் பூனை ஏறினாலும் கத்தும். அன்றைக்குக் கத்தவில்லை. அப்போது நான் அதை யோசிக்கவில்லை. ஏனென்றால் அவன் இருந்த கோலத்தைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

தலையிலிருந்து கால் வரை கருப்பாகச் சொதசொதவென்று இருந்தான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சட்டையின் நிறமே தெரியவில்லை. முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... கூடவே ஒரு நாற்றம். சாக்கடை நாற்றம் நமக்குத் தெரியும். இது அதைவிடப் பழையது, கொழுத்தது. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. டீயை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் தவித்தேன்.

எங்கே விழுந்து புரண்டாய் என்று கத்தினேன். டெய்லர் விரலை உயர்த்தினார்.

"அவன் குழிக்குள்ள இருக்கான். பேசக்கூடாது."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "வேஷம் கட்டிட்டு வந்திருக்காரு மாமா. உங்களுக்காகவே."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அரைக்காசு சகதியில் கிடக்கிறான் என்பதற்காக, எங்கேயோ போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறான். நான் கயிறு பிடிக்க வேண்டும் என்பதற்காகவே. அவன் செய்யக்கூடியவன்தான். நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் சொன்ன சொல் இருந்தது. அரைக்காசும் குழியில் இருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. நிலவறையின் மேல் தளம். இடது பக்கம் படி. நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டுப் போனேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் டெய்லர், சகதி அரை விரல் ஏறியது என்று சொல்லிவிட்டுக் கேட்பார்: "குழியில சத்தம் இருக்கா?"

பெயிண்டர் மேசையைத் தட்டினான்.

டங்... டங்...

டெய்லரின் கையில் இருந்த சாக்கட்டி அப்படியே நின்றது. அது மர மேசை. மரத்தில் தட்டினால் அப்படிக் கேட்காது. இரும்புக் குழாயில் எதையோ வைத்துத் தட்டுவது போல இருந்தது. டெய்லர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. மோதிரம் போட்டிருக்கிறானா என்று நான் அவன் கையைப் பார்த்தேன். விரல் முழுக்கச் சகதி. நகத்துக்குள் சகதி.

அப்போதுதான் வேறொன்றும் உறைத்தது. பெயிண்டரிடம் எப்போதும் பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை அடிக்கும். குளித்துவிட்டு வந்தாலும் அடிக்கும். அன்றைக்கு அது இல்லை.

டீ அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. தொடவில்லை. வாயை இறுக மூடியிருந்தான். கன்னம் இரண்டும் லேசாக உப்பியிருந்தன. சோறு பிடிக்காத குழந்தை வாயிலேயே அடக்கி வைத்திருக்குமே, அப்படி. கண் இமைக்கவில்லை. டெய்லரைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முழங்கையிலிருந்து சொட்டியது மேசையில் ஓடி, சாக்கட்டிக் கோடுகளை அழித்தது. டெய்லர் மறுபடி வரைந்தார். மறுபடி அழிந்தது. அந்த ஈரத்தில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. அரிசி மாதிரி இருந்தது. என் பொத்தானை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு ஓடிப் போய்த் தலையை வெளியே நீட்டினேன். வெளியே காற்று சுத்தமாக இருந்தது. தெருவில் நாற்றமே இல்லை. அறைக்குள்தான். திரும்பி வந்தபோது பகடைகள் மேல் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. அந்த மாடியில் அதுவரை நான் ஒரு ஈயைப் பார்த்ததில்லை.

மச்சான் சிரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டான்.

டெய்லர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். பெயிண்டரைப் பார்த்துச் சன்னமாகக் கேட்டார். "தம்பி, உனக்கு உடம்புக்கு என்ன? ஆட்டத்தை நிறுத்திடலாமா?"

டங் டங் டங் டங் டங் டங்...

கை அவ்வளவு வேகமாகத் தட்டியது. முகம் அசையவில்லை. சகதி தெறித்து என் சட்டையில் விழுந்தது. நிறுத்தாதே என்றுதான் எங்களுக்குப் புரிந்தது. தொடர்ந்தோம். தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நான் வேகப்படுத்தினேன். சந்தேகப்பட வேண்டிய கதவுகளைச் சந்தேகப்படாமல் திறந்தேன். சீக்கிரம் அவனை மேலே தூக்கிவிட்டால் அவன் பேசலாம். பேசினால் இந்தக் கூத்து முடியும். நான் வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம். உண்மையைச் சொன்னால் அரைக்காசைவிட அந்தக் குளியல்தான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

எட்டே முக்கால். குழிக்கு ஒரே ஓர் அறைதான் பாக்கி. அந்த அறையில் ஒரு பெட்டி இருந்தது. வெள்ளிப் பூண் போட்ட பெட்டி.

மச்சானின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைத் திறக்காமல் போவதா என்றான். திரும்பும்போது இந்த வழி இருக்காது என்றான். குழியில் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது, ஒரு சுற்றுத் தாங்கமாட்டானா என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை. நாற்றம் தலைக்கு ஏறியிருந்தது. வாதாட எனக்குத் தெம்பில்லை.

டெய்லர் என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு வாய் நான்தானே.

"என்ன செய்றீங்க?"

"திறக்கிறோம்."

ஒரு சுற்று போனது. பூட்டுக்கு ஒரு பகடை. மூடிக்கு ஒரு பகடை. உள்ளே மக்கிப்போன துணி மட்டும் இருந்தது.

"குழியில சத்தம் இருக்கா?"

டங்...

ஒரு தட்டுதான். இரண்டாவது தட்டுக்காக நாங்கள் மூவரும் காத்திருந்தோம். பெயிண்டரின் கை மேசைக்கு மேலே பாதியில் நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்து மடியில் விழுந்தது.

சொட்டுவதுகூட நின்றுவிட்டது.

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. ஒன்பது மணி.

டெய்லர் சாக்கட்டியால் கடைசிக் கோட்டைப் போட்டார். நாங்கள் குழிக்கு வந்துவிட்டோம் என்றார். சகதி விளிம்பு வரை இருக்கிறது, ஆளைக் காணவில்லை, ஒரு கை மட்டும் வெளியே தெரிகிறது என்றார். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் மட்டும் பிழைப்பான். வேறு எது விழுந்தாலும் இல்லை.

பெயிண்டர் வலது கையை மேசைக்கு மேலே நீட்டினான். என் பக்கமாக.

சொன்ன சொல். நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பிடிக்கப் போனேன். துணி வேண்டாம் என்று டெய்லர் தலையை ஆட்டினார். வெறுங்கையால் பிடித்தேன்.

குளிர். ஐஸ் மாதிரி இல்லை. ஈரமண் மாதிரிக் குளிர். பிடியில் நிற்கவில்லை, வழுக்கியது. நான் இறுக்கியபோது அந்தக் கையின் தோல்... நகர்ந்தது. எலும்பின் மேல் தனியாக நகர்ந்தது.

அவன் இடது கையால் பகடையை உருட்டினான்.

அது ஈரத்தில் சறுக்கிக்கொண்டே போனது. நின்றது.

இருபது.

யாரும் சத்தம் போடவில்லை. வழக்கமாக மாடி இடிந்துவிடும் அளவுக்குக் கத்துவோம்.

டெய்லர் சொன்னார். "மேல வந்துட்டான். தம்பி... இப்ப நீ பேசலாம்."

பெயிண்டர் என்னைப் பார்த்தான்.

வாயைத் திறந்தான்.

வார்த்தை வரவில்லை. சகதி வந்தது.

கருப்பாக. கட்டியாக. கொழகொழவென்று தாடையில் வழிந்து மேசையில் விழுந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதனின் வயிற்றில் அவ்வளவு இருக்க முடியாது. உள்ளே ஏதோ குமிழியிட்டது. களக்... களக்... அவன் பேச முயன்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் பேசத்தான் முயன்றான்.

அது என் மணிக்கட்டைத் தொட்டது.

நான் கையை உதறினேன்.

நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது எதிர் நாற்காலி காலி. மாடிப்படியில் சத்தம் இல்லை. மேசையில் சகதி இருந்தது. என் கையில் மணிக்கட்டு வரை இருந்தது. பகடை இன்னும் இருபதைக் காட்டிக்கொண்டிருந்தது.

மச்சான்தான் முதலில் டப்பாவைத் திறந்தான். பெயிண்டருக்குப் போன் போடலாம் என்று. போனை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். என்னிடம் நீட்டினான். பிறகு நான் என்னுடையதைப் பார்த்தேன். டெய்லர் அவருடையதைப் பார்த்தார்.

மூன்றிலும் பெயிண்டரின் அழைப்பு. டெய்லருக்கு ஏழு மூன்று. மச்சானுக்கு ஏழு நான்கு. எனக்கு ஏழு ஐந்து, ஏழு ஆறு, ஏழு எட்டு.

திருப்பி அழைத்தோம். போகவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு பழைய லாட்ஜை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் புகுந்து வந்தால் தெருவைச் சுற்ற வேண்டாம் என்று பெயிண்டர் எப்போதும் அந்த வழியாகத்தான் வருவான். எப்படி இறங்கினோம், எப்படி ஓடினோம் என்று தெரியாது. கேட்டைத் தாண்டியதும் எனக்கு வழி சொன்னது அந்த நாற்றம்தான். இரண்டு மணி நேரமாக எதிரே உட்கார்ந்து நான் மோந்துகொண்டிருந்த அதே நாற்றம்.

லாட்ஜின் பழைய செப்டிக் டேங்க். மூடியை எடுத்துவிட்டு மேலே ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள். பலகை நடுவில் உடைந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது ஒரு கை. சகதிக்கு மேலே நேராக நீட்டியிருந்த ஒரு கை. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. தூக்கினார்கள். உள்ளே பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாய் இருந்ததாகவும், இடது கையில் பட்டி போடும் தகடு இருந்ததாகவும் சொன்னார்கள். அதை வைத்து அந்தக் குழாயில் தட்டியிருக்கிறான். கத்தியிருக்க முடியாதாம். புதையப் புதையச் சகதி உதடு வரை வந்திருக்கிறது. வாயைத் திறந்தால் உள்ளே போயிருக்கும்.

இடிக்கும் இடத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தான். போலீஸ்காரர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏதோ டங் டங்னு கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு சார். தகரம் காத்துல ஆடுதுனு நினைச்சேன். சங்கு ஊதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுடுச்சு."

அவன் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. என் வாய் வறண்டிருந்தது. அவனாவது தகரம் என்று நினைத்தான். நாங்கள் அந்தச் சத்தத்தை எண்ணி, ஒரு பெட்டியைத் திறக்க நேரம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்தோம்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். எட்டே முக்காலுக்கும் ஒன்பதுக்கும் இடையில். அதுவரை உயிர் இருந்திருக்கிறது. அப்படியென்றால் எங்களோடு மாடியில் உட்கார்ந்திருந்தவன் யார்? உயிரோடு அங்கே கிடந்தவன் இங்கே எப்படி வந்தான்? எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேரை மச்சான் அடித்தே விரட்டினான்.

டெய்லர் அந்த மேசையை எரித்துவிட்டார். இப்போது கீழே கடையிலேயே தரையில் உட்கார்ந்து வெட்டுகிறார். யாரும் விளையாடுவதில்லை. மச்சானும் நானும் வீட்டில் பார்த்துக்கொண்டால் கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

நானும் இத்தோடு விட்டிருப்பேன். ஒரு மாதம் கழித்துப் பெயிண்டரின் வீட்டுக்குப் போயிருக்காவிட்டால்.

அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். சின்ன வீடு, பளிச்சென்று இருந்தது. அவன் அடித்த சுவர். அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். பிணவறையில் உடம்பைக் கழுவிக் கொடுத்த ஆள் தன்னிடம் ஒன்று சொன்னதாகவும், அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பதாகவும் சொன்னாள்.

"எவ்வளவு தேய்ச்சும் போகலையாம்ணா. காதுல, மூக்குல, எல்லா இடத்துலயும் அந்தச் சகதி. ஆனா வலது கை மட்டும் சுத்தமா இருந்துச்சாம். கழுவுறதுக்கு முன்னாடியே. மணிக்கட்டு வரைக்கும். யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி விரல் தடம்கூட இருந்துச்சாம்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"கடைசி நேரத்துல யாரோ வந்து கையைப் பிடிச்சிருக்காங்க. அது வரைக்கும் எனக்கு ஆறுதல்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பிடிச்சவங்க ஏண்ணா விட்டாங்க?"

கை கழுவ வேண்டும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.